ப்ரொடக்ஷனில் ஜாவா அப்ளிகேஷனுக்கு மெமரி தீர்ந்துபோனால்: காரணத்தைப் பிடிக்கும் வழி

மெமரி தீர்ந்துவிட்டது என்று அலர்ட் வந்ததும் புதியவர்கள் உடனே செய்வது இரண்டு காரியங்கள். ஒன்று ரீஸ்டார்ட். மற்றது ஹீப் (ஜாவா தன் ஆப்ஜெக்ட்களை வைக்கும் மெமரிப் பகுதி) அளவைக் கூட்டுவது. ரீஸ்டார்ட் செய்த அந்த நொடியே, என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய தடயம் எல்லாம் போய்விடும். ஹீப்பைக் கூட்டினால் சில சமயம் அப்ளிகேஷன் முன்பைவிட வேகமாகவே சாகும். அது ஏன் என்பது கீழே புரியும்.

லினக்ஸ் சர்வரிலோ குபர்னெட்டிஸிலோ ஓடும் ஸ்பிரிங் பூட் அப்ளிகேஷனை, ஜாவா 17ஐ மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். வேறு மொழியில் எழுதிய அப்ளிகேஷனாக இருந்தாலும் தேடும் வரிசை பெரிதாக மாறாது. கருவிகளின் பெயர்தான் மாறும்.

படி 1: கொன்றது யார்?

மெமரி தீர்ந்தது என்ற ஒரே அலர்ட்டுக்குப் பின்னால் இரண்டு வேறு சம்பவங்கள் இருக்கலாம். ஜாவா விர்ச்சுவல் மெஷினே தன் ஹீப் போதவில்லை என்று எர்ரர் எறிந்திருக்கலாம். அல்லது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் வெளியிலிருந்து ப்ராசஸைக் கொன்றிருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றுக்குரிய மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

முதலில் அப்ளிகேஷன் லாக்கின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். 'அவுட்ஆஃப்மெமரிஎர்ரர்' என்ற சொல் இருந்தால் எறிந்தது ஜாவா. எந்த எர்ரரும் இல்லாமல், சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்த லாக் திடீரென்று நின்றிருந்தால் கெர்னல்மேல் சந்தேகப்படுங்கள். கெர்னல் அனுப்புவது 9ஆம் எண் சிக்னல். அதைப் பெறும் ப்ராசஸுக்கு லாக்கில் ஒரு வரி எழுதக்கூட அவகாசம் கிடைக்காது.

கன்டெய்னர் (அப்ளிகேஷனை மெமரி எல்லையோடு தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி) என்றால், ப்ராசஸ் முடியும்போது விட்டுப்போகும் எண்ணான எக்ஸிட் கோட் 137 என்று தெரியும். 128உடன் சிக்னல் எண் 9ஐக் கூட்டினால் வருவது அது. 137ஐப் பார்த்தவுடன் மெமரிதான் என்று முடிவுகட்ட வேண்டாம். டெப்லாய் செய்யும்போது பழைய பாட் (குபர்னெட்டிஸில் கன்டெய்னர் ஓடும் அலகு) 30 நொடிக்குள் தானாக நிற்காவிட்டால் குபர்னெட்டிஸ் அதையும் 9ஆம் சிக்னலால்தான் நிறுத்தும். அப்போதும் 137தான் வரும். கியூப்சிடிஎல் டிஸ்கிரைப் பாட் கொடுத்து, 'லாஸ்ட் ஸ்டேட்' பகுதியில் காரணம் 'ஓஓஎம்கில்ட்' என்று இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

அடுத்து, அந்த மெஷினில் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையைப் பெரிய டி ஃப்ளாக்குடன் ஓட்டுங்கள். நேரம் படிக்கும் வடிவில் வரும். அதில் 'கில்ட் ப்ராசஸ்' என்று தேடுங்கள். கிடைக்கும் வரியின் தொடக்கம்தான் முக்கியம். 'மெமரி சிகுரூப் அவுட் ஆஃப் மெமரி' என்று தொடங்கினால், கன்டெய்னர் தன் எல்லையைத் தாண்டியிருக்கிறது. வெறும் 'அவுட் ஆஃப் மெமரி' என்று தொடங்கினால் மெஷின் முழுவதுமே காலி. இரண்டாவது வகையில் செத்தவர்தான் குற்றவாளி என்று நினைக்கக் கூடாது. கெர்னல் பெரும்பாலும் அதிக மெமரி வைத்திருக்கும் ப்ராசஸைத்தான் தேர்ந்தெடுக்கும். பக்கத்தில் ஓடிய பேக்கப் ஸ்கிரிப்ட் வீங்கியதற்கு உங்கள் ஜாவா பலியாகியிருக்கலாம். அந்த வரிக்கு மேலே எல்லா ப்ராசஸ்களின் பட்டியலும் அச்சாகியிருக்கும். அதில் ஆர்எஸ்எஸ் (ப்ராசஸ் உண்மையில் வைத்திருக்கும் மெமரி) நெடுவரிசையில் இருப்பது கிலோபைட் அல்ல, பக்கங்களின் (லினக்ஸ் மெமரியைப் பிரித்துக் கொடுக்கும் துண்டுகளின்) எண்ணிக்கை. வழக்கமான சர்வர்களில் 4ஆல் பெருக்கினால் கிலோபைட் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. 'கில்ட் ப்ராசஸ்' வரியில் அனான்-ஆர்எஸ்எஸ் (ஃபைல் சாராத ஆர்எஸ்எஸ்) 2078720 கேபி என்று இருக்கிறது. 1024ஆல் வகுத்தால் 2030 எம்பி. கன்டெய்னரின் எல்லை 2048 எம்பி. ஜாவாவுக்குக் கொடுத்த எக்ஸ்எம்எக்ஸ், அதாவது ஹீப்பின் உச்சவரம்பு, 1800 எம்பி. ஹீப் 1800ஐத் தாண்ட முடியாது என்றால் மீதி 230 எம்பி எங்கிருந்து வந்தது? ஹீப்புக்கு வெளியே ஜாவா எடுப்பது அது.

மெட்டாஸ்பேஸ் (கிளாஸ்களின் விவரம்) 140, கோட் கேஷ் (மெஷின் கோடாக மாற்றி வைத்தது) 70, ஜிசி (பயனற்ற ஆப்ஜெக்ட்களை அள்ளும் கார்பேஜ் கலெக்டர்) தன் கணக்குகளுக்கு வைத்துக்கொள்வது 80, 250 த்ரெட்களின் ஸ்டாக் 40, டைரக்ட் பஃபர் (ஹீப்புக்கு வெளியே எடுக்கும் தற்காலிக இடம்) 60 என்று உத்தேசமாகப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 390 எம்பி. 1800உடன் சேர்த்தால் 2190. இந்த அமைப்பு முதல் நாளே தவறு. ஆனாலும் முதல் நாளே சாகாது. எக்ஸ்எம்எக்ஸ் எவ்வளவு கொடுத்தாலும் ஜாவா தொட்ட பக்கங்களுக்கு மட்டும்தான் லினக்ஸ் உண்மையான மெமரி கொடுக்கும். ஹீப் மெல்ல விரிந்து, சில நாள் கழித்து எல்லையை முட்டும்போதுதான் கொலை நடக்கும். இந்த நிலையில் எக்ஸ்எம்எக்ஸைக் கூட்டுபவர் சாகும் நாளை இன்னும் சீக்கிரம் வரவழைக்கிறார், அவ்வளவுதான்.

இன்னொரு சிறு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஃப்ரீ கட்டளையில் 'ஃப்ரீ' நெடுவரிசை 150 எம்பி என்று காட்டினால் பயப்பட வேண்டாம். லினக்ஸ் சும்மா கிடக்கும் மெமரியை ஃபைல் கேஷுக்குப் பயன்படுத்தும். தேவைப்பட்டால் திருப்பித் தந்துவிடும். பார்க்க வேண்டியது 'அவைலபிள்' நெடுவரிசை.

படி 2: எர்ரர் வரியின் பின்பாதி

எறிந்தது ஜாவா என்றால், எர்ரரின் பெயருக்குப் பின்னால் வரும் சில சொற்கள்தான் வழிகாட்டி.

'ஜாவா ஹீப் ஸ்பேஸ்' என்றால் ஹீப் நிரம்பிவிட்டது. 'ஜிசி ஓவர்ஹெட் லிமிட் எக்ஸீடட்' என்பதும் கிட்டத்தட்ட அதுவே: 98 சதவீத நேரத்தை ஜிசியில் செலவழித்தும் ஹீப்பில் 2 சதவீதம்கூட மீளவில்லை என்று பொருள். 'மெட்டாஸ்பேஸ்' என்றால் கிளாஸ்கள் குவிகின்றன. ஓடும்போதே புதிய கிளாஸ்களை உருவாக்கும் லைப்ரரிகளைத் தேடுங்கள். 'டைரக்ட் பஃபர் மெமரி' என்றால் நெட்டி போன்ற நெட்வொர்க் லைப்ரரிகள் ஹீப்புக்கு வெளியே எடுத்ததைத் திருப்பித் தரவில்லை.

'அனேபிள் டு கிரியேட் நேட்டிவ் த்ரெட்' வந்தால் ஹீப்பைத் தொடவே தொடாதீர்கள். த்ரெட் எண்ணிக்கை, யூசருக்கான எல்லையான யூலிமிட்டையோ கன்டெய்னரின் 'பிட்ஸ்' (ப்ராசஸ், த்ரெட் எண்ணிக்கை) எல்லையையோ சிஸ்டம்டியின் டாஸ்க்ஸ்மேக்ஸ் எல்லையையோ முட்டியிருக்கும். த்ரெட் டம்ப் (எல்லா த்ரெட்களும் அந்த நொடியில் என்ன செய்கின்றன என்ற பதிவு) எடுத்தால் ஒரே பெயரில் ஆயிரக்கணக்கான த்ரெட்கள் வரிசையாக நிற்பது தெரியும். பெரும்பாலும் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் யாரோ புதிதாக ஒரு த்ரெட் பூல் உருவாக்கி, மூடாமல் விட்டிருப்பார்கள்.

எர்ரருடன் வரும் ஸ்டாக் ட்ரேஸை அளவோடு நம்புங்கள். ஏற்கெனவே நிரம்பி வழியும் ஹீப்பில் கடைசியாக 2 கேபி கேட்ட அப்பாவி கோடுகூட அங்கே மாட்டியிருக்கலாம். ஒரே ட்ரேஸ் மூன்று நான்கு முறை திரும்ப வந்தால் மட்டும் அதைப் பின்தொடருங்கள்.

படி 3: ரீஸ்டார்ட்டுக்கு முன் தடயம் சேகரிப்பது

அப்ளிகேஷன் இன்னும் உயிரோடு திணறிக்கொண்டிருக்கிறது என்றால் அது நல்வாய்ப்பு. அந்த ஒரு இன்ஸ்டன்ஸை மட்டும் லோட் பேலன்சரிலிருந்து விலக்குங்கள். பயனர்கள் மற்ற இன்ஸ்டன்ஸ்களுக்குப் போய்விடுவார்கள். உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

பிறகு ஜாவாவின் ஜேடிகே தொகுப்பில் வரும் ஜேசிஎம்டி கருவியால், பாரம் குறைந்ததில் தொடங்கி இந்த வரிசையில் எடுங்கள்:

1. ஜிசி.ஹீப்_இன்ஃபோ. ஹீப்பின் மொத்த நிலை. நொடியில் முடியும்.
2. த்ரெட்.ப்ரின்ட். த்ரெட் டம்ப். 10 நொடி இடைவெளியில் மூன்று முறை.
3. ஜிசி.கிளாஸ்_ஹிஸ்டோகிராம். எந்த கிளாஸில் எத்தனை ஆப்ஜெக்ட், எத்தனை பைட். இது ஒரு ஃபுல் ஜிசியைத் தூண்டும். அப்ளிகேஷன் சற்று நேரம் உறையும்.
4. ஜிசி.ஹீப்_டம்ப். முழு ஹீப்பின் நகல். பெரிய ஹீப் என்றால் அப்ளிகேஷன் நிமிடக்கணக்கில்கூட உறைந்து நிற்கும்.

நான்காவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். டம்ப் எழுதும்போது அப்ளிகேஷன் எதற்கும் பதில் சொல்லாது. குபர்னெட்டிஸின் லைவ்னெஸ் ப்ரோப் (உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கும் சோதனை) அதைச் செத்ததாக நினைத்துக் கன்டெய்னரைக் கொன்றுவிடும். பாதி எழுதிய ஃபைலும் சேர்ந்து அழியும். ப்ரோபின் ஃபெயிலியர் த்ரெஷோல்டை (எத்தனை தோல்விக்குப் பிறகு கொல்வது என்ற எண்ணை) தாராளமாக வைத்திருங்கள். டம்ப் ஃபைல், பயன்பாட்டில் இருக்கும் ஹீப்பின் அளவை ஒட்டி இருக்கும். எழுதும் டிஸ்கில் ஹீப் அளவுக்குமேல் இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். டெம்ப் அடைவு ராமில் மவுன்ட் ஆகியிருந்தால் அங்கே எழுதுவது தற்கொலைக்குச் சமம். டம்ப்பும் அதே கன்டெய்னர் மெமரியில் கணக்காகும்.

அனுமதி பற்றியும் ஒன்று. அப்ளிகேஷன் எந்த யூசரில் ஓடுகிறதோ அதே யூசராக இருந்து ஜேசிஎம்டியை ஓட்டுங்கள். கன்டெய்னர் இமேஜில் ஜாவாவை ஓட்டுவதற்கு மட்டுமான ஜேஆர்இ இருந்தால் இந்தக் கருவியே இருக்காது. சம்பவ நேரத்தில் இது தெரியவருவது கொடுமை, இன்றே சரிபார்த்துவிடுங்கள்.

டம்ப் ஃபைலில் பாஸ்வேர்ட், டோக்கன், வாடிக்கையாளரின் விவரம் எல்லாம் அப்படியே படிக்கும் வடிவில் இருக்கும். அதை சாட்டிலோ டிக்கெட்டிலோ இணைக்காதீர்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

நடு இரவில் யாரும் இல்லாதபோது செத்தால்? அதற்காக இந்த ஃப்ளாக்குகளை எப்போதும் வைத்திருக்க வேண்டும்: ஹீப்டம்ப்ஆன்அவுட்ஆஃப்மெமரிஎர்ரர், அதன் கூடவே நிலையான வால்யூமைச் சுட்டும் ஹீப்டம்ப்பாத், பிறகு எக்ஸிட்ஆன்அவுட்ஆஃப்மெமரிஎர்ரர். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். மெமரி எர்ரருக்குப் பிறகும் அரைகுறையாக ஓடும் ப்ராசஸ், சில ரிக்வெஸ்டுக்குப் பதில் சொல்லி, சிலதை விழுங்கும். அதைவிட அது ஒழுங்காகச் செத்து மீண்டும் எழுவது மேல். கெர்னல் கொன்றால் மட்டும் இந்த ஃப்ளாக்குகளால் பயனில்லை. 9ஆம் சிக்னலுக்கு முன் டம்ப் எழுத வழியில்லை.

படி 4: ஜிசி லாக்கில் அடிமட்டத்தைப் பாருங்கள்

மானிட்டரிங் வரைபடத்தில் ஹீப் பயன்பாடு ரம்பப் பல் போல ஏறி இறங்கும். உச்சியைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. குப்பை சேர்வதும் அள்ளப்படுவதும் ஜாவாவின் அன்றாட வாழ்க்கை. ஜிசி அள்ளிய பிறகும் மிஞ்சுகிறதே, அந்த அடிமட்டம்தான் செய்தி. அது பல மணி நேரம் சமமாக நின்றால் மெமரி லீக் (தேவையற்ற ஆப்ஜெக்ட்கள் விடுபடாமல் தேங்குவது) இல்லை. படிப்படியாக ஏறினால் லீக்.

எக்ஸ்லாக் ஃப்ளாக்கில் ஜிசியைக் கேட்டு, 20 எம்பி வீதம் 5 ஃபைல் சுழலும்படி வைத்தால் போதும், பாரமே தெரியாது. ஜி1 என்ற ஜிசி வகையில் ஒரு நுணுக்கம்: 'பாஸ் யங்' வரிகளின் முடிவு எண்ணில், நெடுநேரம் வாழ்ந்த ஆப்ஜெக்ட்கள் போகும் ஓல்ட் பகுதியின் குப்பையும் கலந்திருக்கும். ஆகவே அந்தப் பகுதியையும் சேர்த்து அள்ளும் மிக்ஸ்ட் சுற்றுகள் முடிந்த பிறகோ, 'பாஸ் ஃபுல்' வரியிலோ உள்ள எண்ணை எடுங்கள்.

எண்களோடு பார்ப்போம். எக்ஸ்எம்எக்ஸ் 1400 எம்பி. அடிமட்டம் காலை 9 மணிக்கு 410, 11க்கு 530, 1க்கு 650, 3க்கு 770. மணிக்கு 60 எம்பி ஏறுகிறது. மீதி 630 எம்பி. இதே வேகத்தில் பத்தரை மணி நேரம், அதாவது இரவு 1.30 வாக்கில் தீரும். எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்பது இப்போது தெரிந்துவிட்டது.

இதோடு நிறுத்தாமல் இன்னொரு வகுத்தலையும் போடுங்கள். அந்த நேரத்தில் மணிக்கு 30,000 ரிக்வெஸ்ட் வந்தது என்றால், ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு 2 கேபி மிஞ்சுகிறது. இந்தச் சின்ன எண் தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும். 2 கேபி என்பது ஒரு சிறு ஆப்ஜெக்ட்டும் சில ஸ்ட்ரிங்குகளும். அப்லோட் செய்த படமோ பிடிஎஃபோ அல்ல. மாறாக, அடிமட்டம் சமமாக இருந்து திடீரென்று ஒரே தாவலில் 900 எம்பி ஏறிச் செத்திருந்தால் அது லீக்கே அல்ல. யாரோ ஒருவர் ஐந்து வருட ரிப்போர்ட்டை ஒரே கிளிக்கில் கேட்டிருக்கிறார். அதற்கு டம்ப்பைவிட ஆக்சஸ் லாக் வேகமாக விடை சொல்லும்.

படி 5: டம்ப்பைத் திறப்பது

ஒரு மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு ஹிஸ்டோகிராம்களை முதலில் பக்கத்தில் வையுங்கள். உச்சியில் பைட் அர்ரேயும் ஸ்ட்ரிங்கும் ஹாஷ்மேப் நோடும்தான் இருக்கும். எல்லா அப்ளிகேஷனிலும் அப்படித்தான். அவற்றைத் தாண்டி, உங்கள் நிறுவனத்தின் பேக்கேஜ் பெயரில் தொடங்கும் கிளாஸ்களைத் தேடி, எண்ணிக்கை எவ்வளவு கூடியது என்று பாருங்கள். நம் எடுத்துக்காட்டில் 'ரிப்போர்ட்ஃபில்டர்' என்ற கிளாஸ் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 30,000 கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரிக்வெஸ்ட் எண்ணிக்கையோடு அச்சாகப் பொருந்துகிறது. டம்ப்பைத் திறக்கும் முன்பே பாதி விடை கிடைத்துவிட்டது.

இனி எக்லிப்ஸ் மெமரி அனலைசர். அதற்கே மெமரி வேண்டும். பெரிய டம்ப்பைத் திறப்பதற்கு முன் அதன் ஐஎன்ஐ ஃபைலில் உள்ள எக்ஸ்எம்எக்ஸ் மதிப்பைக் கூட்டுங்கள். திறந்ததும் அது தரும் லீக் சஸ்பெக்ட்ஸ் அறிக்கையைப் படியுங்கள், ஆனால் அதையே தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள். எந்த ஆப்ஜெக்ட் எதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று காட்டும் டாமினேட்டர் ட்ரீக்குப் போய், ரீட்டெய்ன்ட் ஹீப் நெடுவரிசையால் வரிசைப்படுத்துங்கள். ஷேலோ ஹீப் என்பது அந்த ஆப்ஜெக்ட் மட்டும் எடுக்கும் இடம். ரீட்டெய்ன்ட் என்பது அது போனால் அதனோடு சேர்ந்து விடுபடும் மொத்த இடம். ஒரு மேப்பின் ஷேலோ அளவு சில பத்து பைட்தான். ரீட்டெய்ன்ட் 360 எம்பியாக இருக்கலாம்.

அந்த வரியில் ரைட் கிளிக் செய்து, 'பாத் டு ஜிசி ரூட்ஸ்' தேர்ந்தெடுத்து, வீக், சாஃப்ட் ரெஃபரன்ஸ்களை விலக்குங்கள். எந்த கிளாஸின் எந்த ஃபீல்ட் இந்த மேப்பைப் பிடித்து வைத்திருக்கிறது என்று சங்கிலி காட்டும். நம் கதையில் அது ரிப்போர்ட் சர்வீஸில் கேஷாக வைத்த ஒரு ஸ்டாட்டிக் கன்கரன்ட்ஹாஷ்மேப். உள்ளே 1,80,000 என்ட்ரிகள். காலை 9 முதல் 3 வரை வந்த ரிக்வெஸ்ட்கள் அத்தனையும். மேப்பின் கீயாக ரிப்போர்ட்ஃபில்டர்; அந்த கிளாஸில் ஈக்வல்ஸும் ஹாஷ்கோடும் எழுதப்படவில்லை. ஒரே ஃபில்டரை இரண்டு முறை அனுப்பினாலும் ஜாவாவுக்கு அவை வெவ்வேறு கீ. கேஷ் ஒரு தடவைகூடப் பயன்பட்டதில்லை, வளர்ந்துகொண்டே மட்டும் இருந்திருக்கிறது. இரண்டு மெத்தடையும் எழுதுவது பாதித் தீர்வு. அளவு வரம்பும் காலாவதியும் உள்ள கஃபீன் போன்ற கேஷ் லைப்ரரிக்கு மாற்றுவது மீதி.

அடிக்கடி மாட்டும் இடங்கள்

வரம்பில்லாத கேஷ் முதலிடம். அதற்கடுத்து டேட்டாபேஸ் பக்கம் போங்கள். மைஎஸ்க்யூஎல் டிரைவர் இயல்பாகவே ரிசல்ட் முழுவதையும் மெமரிக்குள் இழுத்துவிடும். பத்து லட்சம் வரிகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் லூப் எழுதியிருந்தாலும் முதல் வரி கைக்கு வரும் முன்பே எல்லாம் ஹீப்பில் வந்து உட்கார்ந்திருக்கும். ஸ்ட்ரீமிங் வேண்டுமென்றால் ஃபெட்ச் சைஸாக இன்டிஜர்.மின்_வேல்யூ கொடுக்க வேண்டும். டேட்டாபேஸ் லைப்ரரியான ஹைபர்னேட்டில் பேட்ச் வேலை செய்தால், ஒரே டிரான்ஸாக்ஷனில் தொட்ட என்டிட்டிகள் எல்லாம் செஷனிலேயே தங்கும். சில நூறு வரிகளுக்கு ஒருமுறை ஃப்ளஷ், கிளியர் இரண்டையும் அழையுங்கள். ஃப்ளஷ் மட்டும் போதாது.

எக்செல் ஏற்றுமதிக்கு அப்பாச்சி பிஓஐயின் எக்ஸ்எஸ்எஸ்எஃப் வொர்க்புக் முழு ஷீட்டையும் மெமரியில் கட்டும். எஸ்எக்ஸ்எஸ்எஸ்எஃப் வகை 100 வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை டிஸ்க்கில் தள்ளும். பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

எக்ஸிக்யூட்டர்ஸ்.நியூஃபிக்ஸ்ட்த்ரெட்பூல் கொடுக்கும் பூலில் த்ரெட் எண்ணிக்கைக்குத்தான் வரம்பு, க்யூவுக்கு இல்லை. பின்னாலிருக்கும் எஸ்எம்எஸ் சேவை மெதுவானால் லட்சக்கணக்கில் வேலைகள் க்யூவில் குவியும். மூலகாரணம் வெளிச் சேவையின் தாமதம், செத்தது உங்கள் ஹீப். இந்தத் தொடர்பைக் கண்டுபிடிக்க த்ரெட் டம்ப் மிகவும் உதவும். த்ரெட்லோக்கலில் வைத்ததை ரிமூவ் செய்யாமல் விடுவது, யூசர் ஐடியை மெட்ரிக்ஸ் லேபிளில் போடுவது, செஷனில் முழுத் தேடல் முடிவையும் சேமிப்பது ஆகியவையும் பட்டியலில் உண்டு. டாம்கேட் (ஸ்பிரிங் பூட்டுக்குள் ஓடும் வெப் சர்வர்) செஷன் இயல்பாக 30 நிமிடம் உயிரோடு இருக்கும். குக்கியை வைத்துக்கொள்ளாத தானியங்கி ப்ரோக்ராம்கள் ஒவ்வொரு ஹிட்டுக்கும் புதிய செஷன் திறக்கும்.

ஹீப் சமம், ஆனால் ப்ராசஸ் வீங்குகிறது

அடிமட்டம் 400 எம்பியில் அசையாமல் நிற்க, ஆர்எஸ்எஸ் மட்டும் நாளுக்கு நாள் ஏறினால் ஹீப் டம்ப்பில் நேரடியாக எதுவும் கிடைக்காது. நேட்டிவ்மெமரிட்ராக்கிங் ஃப்ளாக்கை 'சம்மரி' என்று வைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். 5 முதல் 10 சதவீதம் வேகம் குறையும், ஆகவே ஒரு இன்ஸ்டன்ஸில் மட்டும் போதும். ஜேசிஎம்டியில் விஎம்.நேட்டிவ்_மெமரி பேஸ்லைன் எடுத்து, சில மணி நேரம் கழித்து சம்மரி.டிஃப் கேளுங்கள். த்ரெட், கிளாஸ், ஜிசி, அதர் என்று பிரித்து எது கூடியது என்று காட்டும். டைரக்ட் பஃபர் 'அதர்' என்பதில் வரும்.

அங்கேயும் எதுவும் கூடவில்லை, ஆர்எஸ்எஸ் ஏறுகிறது என்றால் ஜாவாவின் கணக்குக்கே வராத இடம் அது. மூடாமல் விட்ட ஜிஜிப்இன்புட்ஸ்ட்ரீம், படங்களைக் கையாளும் நேட்டிவ் லைப்ரரி, அல்லது ஜிலிப்சி (லினக்ஸின் சி லைப்ரரி) த்ரெட்களுக்காகப் பிரித்து வைக்கும் மெமரிப் பகுதிகளான அரீனாக்கள். 64 பிட் லினக்ஸில் ஜிலிப்சி ஒரு கோருக்கு 8 அரீனா வரை உருவாக்கும். த்ரெட்கள் அதிகமுள்ள அப்ளிகேஷனில் துண்டு துண்டாக மெமரி தேங்கும். மேலாக்_அரீனா_மேக்ஸ் என்ற என்விரான்மென்ட் மாறியை 2 என்று வைத்துப் பாருங்கள். இமேஜ் ஆல்பைன் லினக்ஸ் என்றால் அதில் இருப்பது மஸ்ல் என்ற வேறு சி லைப்ரரி, ஜிலிப்சி அல்ல. இந்த மாறி அங்கே வேலை செய்யாது.

அளவை எப்படி வைப்பது

கன்டெய்னருக்கு 2 ஜிபி என்றால் ஹீப்புக்கு 60 முதல் 70 சதவீதத்தில் தொடங்குங்கள். எதுவுமே கொடுக்காவிட்டால் ஜாவா கால்வாசியைத்தான் ஹீப்பாக எடுக்கும்; 2 ஜிபியில் 512 எம்பி. சர்வரில் மெமரி சும்மா கிடக்க, அப்ளிகேஷன் ஹீப் இல்லை என்று சாகும் விநோதத்துக்கு இதுவே காரணம். மேக்ஸ்ராம்பர்சென்டேஜ் ஃப்ளாக்கால் மாற்றலாம். ஜாவா 8 என்றால் அப்டேட் 191 முதல்தான் அது கன்டெய்னர் எல்லையை மதிக்கும். ஸ்வாப்பை (மெமரி போதாதபோது பக்கங்களை டிஸ்க்கில் தள்ளும் வசதியை) நம்பி ஹீப்பைப் பெரிதாக்காதீர்கள். ஃபுல் ஜிசி ஹீப்பின் எல்லா மூலையையும் தொடும். ஸ்வாப்புக்குப் போன பக்கங்களைத் திரும்ப இழுக்கும்போது நொடியில் முடிய வேண்டியது நிமிடங்களாகும்.

திருத்தத்தை டெப்லாய் செய்த பிறகு, முன்பு எடுத்த அதே எண்களை மீண்டும் எடுங்கள்: ஜிசிக்குப் பிந்தைய அடிமட்டம், ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு மிஞ்சும் அளவு, சந்தேகப்பட்ட கிளாஸின் எண்ணிக்கை. முழு வேலைநாள் ஒன்றின் உச்ச நெரிசல் கடந்த பிறகு பாருங்கள். ரீஸ்டார்ட் செய்த முதல் ஒரு மணி நேரத்தில் கேஷ்கள் நிரம்புவதால் அடிமட்டம் எப்படியும் ஏறும். அலர்ட்டையும் மாற்றி எழுதுங்கள். ஹீப் 85 சதவீதம் என்ற அலர்ட் நாளுக்கு இருபது முறை அடித்து எல்லோரையும் பழக்கிவிடும். ஜிசிக்குப் பிறகும் 75 சதவீதத்துக்குமேல் 15 நிமிடம் நின்றால் மட்டும் அடிக்கட்டும். கன்டெய்னரின் மெமரி.ஈவென்ட்ஸ் ஃபைலில் உள்ள ஓஓஎம்_கில் எண்ணையும் மானிட்டரிங்கில் சேர்த்துவிடுங்கள். சில அமைப்புகளில், உள்ளே துணையாக ஓடும் சின்ன ப்ராசஸ் மட்டும் கொல்லப்பட்டு, பாட் பச்சையாகவே காட்டிக்கொண்டிருக்கும்போது, அந்த எண் ஒன்று கூடியிருக்கும்.